தூங்காத ஆறாவது பேட்டரி

1994 செப்டம்பர் 5, திங்கள்

கிளாரிடெல் அபெலியார், வயது பதின்மூன்று, பினுங்கா தீவு, சாமார் கடல், பிலிப்பைன்ஸ்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பெருமை தருவதையும் எழுதுவேன், தராததையும் எழுதுவேன். அடித்துத் திருத்த மாட்டேன். அதற்காகவே பென்சிலை விட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

இன்று விசேஷம் ஒன்றுமில்லை. காலையில் கருவாடு, மதியமும் கருவாடு. பள்ளி அலமாரியில் இருக்கும் நாற்பத்தொரு புத்தகங்களையும் படித்து முடித்துவிட்டதால், அட்டை கிழிந்த அறிவியல் புத்தகத்தை மூன்றாவது முறையாக ஆரம்பித்தேன்.

ஒரு சிரிப்பு மட்டும் உண்டு. புது டீச்சர் பள்ளி டார்ச்சை அமுக்கிப் பார்த்தார், எரியவில்லை. பக்கத்து வீட்டு டார்ச்சை வாங்கி அமுக்கினார், அதுவும் எரியவில்லை. "இந்தத் தீவுல ஒரு டார்ச் கூட உருப்படியா இல்லையா?" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் தீவில் எல்லா டார்ச்சும் நல்ல டார்ச்தான், தூங்குகின்றன, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் இரண்டு பேட்டரிகளில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகப் போட்டுவிடுவோம். அப்புறம் பைக்குள் பொத்தான் அமுங்கினாலும் எரியாது, பேட்டரி வீணாகாது. வாரத்துக்கு ஒரு படகுதான் வருகிறது. பேட்டரியைத் தூங்க வைக்கத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை.

அப்பாவும் அப்படித்தான். அவர்தான் புயலுக்கு ஊரைக் கூப்பிடுகிறவர். முன்பெல்லாம் தகரத்தைச் சுருட்டி வாயில் வைத்துக் கத்துவார். மே மாதம் நகராட்சி ஒரு மெகாபோன் கொடுத்தது. ஆறு தடித்த பேட்டரி. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் அப்பா ஒரு பேட்டரியைத் திருப்பிப் போடுவார். தூண்டில் கயிறு சுற்றுவதைப் போல, தோளில் மாட்டும் வாரைக் கைப்பிடியில் இறுக்கிச் சுற்றுவார். உயிர்காப்புச் சட்டைகளுக்கு அடியில், பெட்டிக்குள் வைத்து மூடுவார். அவ்வளவு அழகாகச் சுற்ற எனக்கு வராது.

செப்டம்பர் 17, சனி

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

இன்று புயல் ஒத்திகை. நகராட்சியிலிருந்து எஸ்கலாண்டே சார் படகில் வந்தார். ஊரே கூடியிருந்தது. அப்பா பெட்டியைத் திறந்து மெகாபோனை எடுத்தார். சுற்றியிருந்த வாரைப் பிரித்து, கைப்பிடியில் இருக்கும் குமிழை அமுக்கினார். சத்தமே இல்லை. பேட்டரி மூடியைத் திறந்தால், வெள்ளையாகப் பொங்கி, பிசுபிசுவென்று வழிந்து, உள்ளே எல்லாம் அரித்துப்போய்க் கிடந்தது. ஒரு பேட்டரி வீங்கி வெடித்திருந்தது.

எஸ்கலாண்டே சார் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஆறு பேட்டரியை ஒழுங்கா வெச்சுக்கக் கூடத் தெரியாதா உங்களுக்கு?"

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்க தப்பு இல்லை சார். கடையில குடுத்ததே அழுகின பேட்டரி."

தீவில் கடை ஒன்றுதான் இருக்கிறது. நெனிட்டா அக்காவின் கடை. அக்கா கூட்டத்தின் முன்வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னது? அழுகினதா? ருஃபினோ அண்ணே, வாழைப்பழமா வித்தேன் நான்?"

சிலர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, அக்காவும் சிரிக்கவில்லை.

போகும்போது எஸ்கலாண்டே சார் சொன்னார். "அடுத்த மாசம் இருபத்திரண்டாம் தேதி மறுபடியும் வருவேன். புதுசு ஒண்ணு கொண்டு வரேன். அன்னிக்கு உங்க மேல எனக்கு நம்பிக்கை வரலைன்னா, அதை எதிர்ல இருக்கற பெரிய தீவுக்கே குடுத்துடுவேன். அங்கேருந்து உங்களுக்கும் சேர்த்துக் கூப்பிடட்டும்."

அங்கிருந்தா! நடுவில் எவ்வளவு கடல்! புயல் காற்றில் என்ன கேட்கும்? எங்கள் தீவுக்கு ஒரு வால் உண்டு, மணல் திட்டு. அதில் பதினொரு வீடுகள். தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் தகரக் குரல் அங்கே தாமதமாகத்தான் எட்டியது. நெனிட்டா அக்காவின் படகும் பன்றிகளும் போயின. ஆட்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

அப்பா சாப்பிடவில்லை.

செப்டம்பர் 18, ஞாயிறு

அம்மா உப்பு வாங்கி வரச் சொன்னார். வாலின் நுனியில் இருக்கும் கடைக்குப் போனேன். நெனிட்டா அக்கா உப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "உங்கப்பாகிட்ட சொல்லிடு, முகர்ந்து பார்த்துட்டுப் போட்டுக்கச் சொல்லு. என் கடை உப்பும் அழுகியிருக்கும்" என்றார்.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது பொய்யா?

செப்டம்பர் 21, புதன்

செத்துப்போன மெகாபோனைக் குப்பையில் போடப் போனார் அப்பா. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். "புத்தகப்பூச்சிக்குப் புது இரை கெடைச்சிடுச்சு" என்றார் அம்மா.

கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு தேங்காய் வினிகரை ஊற்றித் துடைத்தேன். நுரைத்துக்கொண்டு கரைந்தது. ஒன்றைக் கவனித்தேன். வீங்கி வெடித்தது, அப்பா தலைகீழாகப் போட்டிருந்த ஆறாவது பேட்டரி. மற்ற ஐந்தும் சக்தி வடிந்து தீர்ந்திருந்தனவே தவிர வெடிக்கவில்லை. அதே அட்டைப் பெட்டியில் வாங்கிய இரண்டு பேட்டரிகள் எங்கள் டார்ச்சில் நன்றாகவே இருக்கின்றன.

தூங்கிய பேட்டரி மட்டும் ஏன் வெடித்தது?

செப்டம்பர் 24, சனி

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்!

ஆறு பேட்டரி போடும் வேறு பொருள் தீவில் ஒன்றுதான் உண்டு. நெனிட்டா அக்காவின் டேப் ரெக்கார்டர். கடைக்குப் போய், ஒரே ஒரு நிமிடம் ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கட்டுமா என்று கெஞ்சினேன்.

"கெட்டுப்போச்சுன்னா உங்கப்பன் அதையும் அழுகினதும்பான்" என்றார். ஆனாலும் விட்டார்.

திருப்பிப் போட்டேன். பொத்தானை அமுக்கினேன். டார்ச்சாக இருந்தால் இருட்டுதான். ஆனால் டேப் பாடியது! நன்றாகக் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவன் பாடுவது மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கு எவ்வளவு சுலபம்! இரண்டு பேட்டரியில் ஒன்றைத் திருப்பினால் ஒன்று இந்தப் பக்கம் தள்ளும், ஒன்று அந்தப் பக்கம் தள்ளும். மிச்சம் ஒன்றுமில்லை, இரண்டும் தூங்கும். ஆறில் ஒன்றைத் திருப்பினால்? ஐந்து பேர் ஒரு பக்கம், ஒருவன் மறுபக்கம். அவனை ஐந்து பேரும் சேர்ந்து பின்னால் தள்ளுவார்கள். அவனுக்கு ஏது தூக்கம்? சூடேறி, வீங்கி, வெடிப்பான். அட்டை கிழிந்த புத்தகத்திலும் இருந்தது, பேட்டரிக்குள் மின்சாரத்தை எதிர்த்திசையில் செலுத்தக் கூடாது என்று. மூன்று முறை படித்தும் அது எங்கள் தீவைப் பற்றியது என்று எனக்குப் புரியவில்லை.

ஜூலையில் ஒருநாள் அப்பா பேட்டரியை நேராக்க மறந்து பேசியபோது மெகாபோன் சளி பிடித்தது போலப் பேசியதே! எல்லோரும் சிரித்தோம். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஆனால் குமிழை அமுக்காமல் மின்சாரம் எப்படி ஓடும்? வார். அப்பா கைப்பிடியில் அவ்வளவு இறுக்கிச் சுற்றும் வார்தான் குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாரக்கணக்கில் மெகாபோன் பெட்டிக்குள் விழித்தே கிடந்திருக்கிறது.

நெனிட்டா அக்கா குதித்தார். "அப்போ என் பேட்டரி நல்ல பேட்டரி! இரு, இப்பவே ஊரைக் கூட்டிச் சொல்றேன். என் குரலுக்கு மெகாபோன் ஒண்ணும் வேண்டாம்."

"அக்கா, வேண்டாம் அக்கா. அப்பாகிட்ட முதல்ல நான் சொல்லிடறேன்."

அவர் திருப்பியிருந்த பேட்டரியை நேராகப் போட்டார். "புதன்கிழமை வரைக்கும் வாயை மூடிட்டு இருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது, உடம்புக்கு ஆகாது."

செப்டம்பர் 25, ஞாயிறு

சொல்லவில்லை.

செப்டம்பர் 26, திங்கள்

இன்றும் இல்லை. அப்பா படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் பாட்டுப் பாடினார். எப்படிச் சொல்ல? நீங்கதான் கெடுத்தீங்கன்னு எந்த வாயால சொல்ல?

செப்டம்பர் 28, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலில் கோபம் வந்தது அவருக்கு. "முப்பது வருஷமா பேட்டரியைத் தூங்க வைக்கறேன். நேத்து பொறந்தவ நீ, எனக்குச் சொல்ல வந்துட்டியா?" நான் அழுதேன். அழுதுகொண்டே டார்ச் பேட்டரிகளைத் தரையில் வரிசையாக வைத்து, ஐந்து இப்படி, ஒன்று அப்படி என்று காட்டினேன். ஆறு இல்லை, இரண்டுதான் இருந்தது. மீதிக்கு நாலு சோப்புக் கட்டிகள்.

அப்பா குனிந்து அவற்றை ஒருமுறை எண்ணினார். பிறகு அந்தப் பழைய மெகாபோனை எடுத்து, வாரைத் தன் வழக்கப்படி சுற்றினார். சுற்றிவிட்டுக் குமிழைப் பார்த்தார். அது உள்ளே போயிருந்தது.

"அப்போ நான்தான்" என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரத்தில் ஒரு பொட்டலத்தோடு திரும்பினார். உப்பு. வீட்டில் உப்பு நிறையவே இருந்தது. அம்மா விடவில்லை. "என்ன சொன்னா அவ?"

"முகர்ந்து பார்த்து வாங்கிக்கோன்னா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"முகர்ந்து பார்த்தேன்."

அம்மா சமையல் செய்யாமல் ஐந்து நிமிடம் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் காயவே இல்லை.

செப்டம்பர் 30, வெள்ளி

நான் நினைத்தது போல எல்லாம் முடியவில்லை. இனி மெகாபோன் பேட்டரியைத் திருப்பவே மாட்டேன் என்று அப்பா நேற்றுச் சத்தியம் செய்தார். இன்று பழைய மெகாபோனில் நாலு சோப்பும் இரண்டு பேட்டரியும் போட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். பேச்சு மும்முரத்தில் அவர் கை தானாகவே ஒரு பேட்டரியை எடுத்துத் திருப்பிப் போட்டுவிட்டது. அவருக்கே தெரியவில்லை. நான்தான் காட்டினேன்.

"கை கேட்க மாட்டேங்குது" என்றார்.

இருபத்திரண்டாம் தேதிக்குள் முப்பது வருடத்துக் கையை மாற்ற முடியாது. அவர் கை மட்டுமா? இந்தத் தீவில் எல்லார் கையும் அப்படித்தான்.

கையை மாற்ற முடியாவிட்டால், பேட்டரி படுக்கிற பள்ளத்தை மாற்றினால்?

அக்டோபர் 2, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வீட்டில் உள்ள எல்லாவற்றின் பேட்டரி மூடியையும் கழற்றினேன். மெகாபோனில் ஒவ்வொரு பேட்டரிக்கும் தனிப் பள்ளம் இருக்கிறது. ஒரு முனையில் சுருள்கம்பி, மறுமுனையில் தகடு. தகடு சுவரோடு சமமாக இருப்பதால் பேட்டரியின் குமிழ் முனை பட்டாலும் சரி, தட்டை முனை பட்டாலும் சரி, வா வா என்று தொட்டுக்கொள்கிறது. எந்தப் பக்கம் எது என்று காட்டும் குறி கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாக, அரிசி மணி அளவில் இருக்கிறது. யார் பார்ப்பது?

ஆனால் எங்கள் அலாரம் கடிகாரம்! அதில் தகட்டுக்கு இரு புறமும் சின்ன வரப்பு கட்டியிருக்கிறார்கள். பேட்டரியின் குமிழ் நடுவில் நுழைந்து தகட்டைத் தொடும். திருப்பிப் போட்டால் தட்டை முனை வரப்பில் இடித்து நின்றுவிடும், தகட்டை எட்டவே எட்டாது. ஒரு சொட்டு மின்சாரம் ஓடாது.

எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ ஒருவர், இதை ஒருநாள் யாராவது தப்பாகப் போடுவார்கள் என்று முன்கூட்டியே நினைத்திருக்கிறார். திட்டுவதற்காக நினைக்கவில்லை, காப்பாற்றுவதற்காக நினைத்திருக்கிறார். நான் பெரியவளானால் அந்த வேலைதான் செய்வேன்.

அக்டோபர் 4, செவ்வாய்

பழைய ரப்பர் செருப்பை வெட்டி, நடுவில் ஓட்டை போட்ட வளையம் செய்து, தகட்டின் மேல் ஒட்டினேன். தோல்வி. வளையம் ரொம்பத் தடிமன், நேராகப் போட்ட பேட்டரியும் தொடவில்லை. செருப்பு என்னுடையது என்றுதான் நினைத்தேன். அம்மாவுடையதாம்.

அக்டோபர் 8, சனி

பேட்டரியின் குமிழ் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. வளையம் அதைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். தீவின் ஒரே சைக்கிள் கோயில் மணியடிக்கும் டோரிபியோ மாமாவுடையது. அதன் பழைய டியூபைக் கேட்டேன்.

"அதுல பன்னெண்டு ஒட்டு இருக்கே, என்ன செய்யப் போற?"

"பேட்டரிக்கு மோதிரம் செய்யப் போறேன், மாமா."

"யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 12, புதன்

பேசுகிறது! பழைய மெகாபோன் பேசுகிறது!

அரித்துப்போன தகட்டை அப்பா கழற்றிவிட்டு, மத்தி மீன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வெட்டி மடக்கி வைத்தார். நான் ஆறு பள்ளத்திலும் டியூப் வளையம் ஒட்டினேன். நெனிட்டா அக்கா தன் டேப் ரெக்கார்டரிலிருந்தே ஆறு பேட்டரியைக் கழற்றிக்கொண்டு நடந்து வந்தார். "அழுகின பேட்டரி, பரவாயில்லையா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாங்கினார். நேராகப் போட்டுக் குமிழை அமுக்கினார். "ஹலோ" என்றார். கோழிகள் பறந்தன.

பிறகு ஒரு பேட்டரியைத் திருப்பி, வாரை இறுக்கிச் சுற்றினார். குமிழ் உள்ளேதான் போயிருந்தது. காதை வைத்துக் கேட்டோம், மூன்று பேரும், தலையோடு தலை முட்டிக்கொண்டு. குமிழ் அமுங்கினால் முன்பெல்லாம் வரும் 'ஸ்ஸ்' சத்தம் கூட இல்லை. எந்தப் பேட்டரியைத் திருப்பினாலும் அப்படித்தான். இப்போது ஆறும் தூங்குகின்றன.

அப்பாவின் கையை மாற்ற வேண்டியதே இல்லை!

அக்டோபர் 22, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன், மனம்தான் குதிக்கிறது.

எஸ்கலாண்டே சார் புது மெகாபோனோடு வந்தார். அப்பா முன்னால் போய் நின்றார். யாரும் கேட்கும் முன்பே பேசினார்.

"சார், போன தடவை நான் சொன்னது பொய். தெரிஞ்சு சொல்லலை, ஆனா பொய். நெனிட்டாவோட பேட்டரி நல்ல பேட்டரி. கெடுத்தது என் கை. அதைக் கண்டுபிடிச்சது என் பொண்ணு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதையும் உன் நோட்டுல எழுதிக்கோ" என்றார்.

எழுதிவிட்டேன் அப்பா.

நான் விளக்கினேன். முதல் வரியிலேயே தடுமாறினேன். சோப்புக் கட்டிகளை எடுத்து வைத்ததும் குரல் வந்துவிட்டது. எஸ்கலாண்டே சார் உதட்டைப் பிதுக்கினார். "சைக்கிள் டியூப் வளையமா? கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

"நீங்களே பாருங்க சார்" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

அவர் கொண்டுவந்த புதியதில் அவரே ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பேசினார். "சோதனை, சோதனை" என்றது அது, மூக்கடைத்த குரலில். ஊரே சிரித்தது. எங்கள் பழையதில் ஒன்றைத் திருப்பிப் போட்டு அமுக்கினார். மௌனம். வேறு பேட்டரியைத் திருப்பினார். மௌனம். எல்லாவற்றையும் நேராகப் போட்டு, "சோதனை" என்றார். அவர் தொப்பியே அதிர்ந்தது.

பேட்டரிப் பள்ளத்தில் இருந்த ஒரு வளையத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "பேட்டரியைத் திருப்பிப் போடற பழக்கம் மத்த தீவுலயும் இருக்கு, இல்ல?"

"எல்லாத் தீவுலயும் இருக்கு சார்" என்றார் அப்பா.

"உங்களைத் தவிர பதினாலு தீவுக்கு இதே மெகாபோன் குடுத்திருக்கேன். அதுல மூணு இதே மாதிரி பொங்கிப் போயிடுச்சு. அவங்களையும் திட்டிட்டு வந்தேன்." தொப்பியைக் கழற்றினார். "பாப்பா, எல்லாத்துக்கும் வளையம் வெட்டித் தர முடியுமா?"

பதினாலை ஆறால் பெருக்கினால் எண்பத்து நாலு. டோரிபியோ மாமா பின்னாலிருந்து கத்தினார்: "டியூப் பத்தாது, சைக்கிளையே எடுத்துக்கோ!"

புதியதைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. இரண்டும் எங்களுக்கே! ஒன்று அப்பாவிடம். மற்றொன்று வாலில் இருக்க வேண்டும், அங்கே யார் கூப்பிடுவது என்று சார் கேட்டார். அப்பாதான் சொன்னார்: "நெனிட்டாகிட்ட குடுங்க சார். தீவுலயே பெரிய குரல் அவளுதுதான். நான் பட்டு அனுபவிச்சிருக்கேன்."

நெனிட்டா அக்கா அதை வாங்கி, முதல் வேலையாக மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். "அழுகலை" என்றார், மெகாபோனிலேயே.

அக்டோபர் 29, சனி

எண்பத்து நாலும் முடிந்தது. நெனிட்டா அக்காவுடைய புதியதற்கு ஆறு தனி. விரலில் கொப்புளம். அழகான கொப்புளம்.

நவம்பர் 11, வெள்ளி

பள்ளிக்கூடக் கட்டடத்திலிருந்து எழுதுகிறேன். வெளியே காற்று இன்னும் அடங்கவில்லை.

காலை பத்து மணிக்கு ரேடியோ சொன்னது. அப்பா பெட்டியைத் திறந்து, உயிர்காப்புச் சட்டைகளை வாரிப் போட்டு, வாரைப் பிரித்து, ஒரு பேட்டரியை நேராக்கினார். ஐந்து விரலையும் எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அவர் குரல்: "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு! சட்டி பானையை விட்டுட்டு வா!" அது முடியும் முன்பே வாலிலிருந்து இன்னொரு குரல் புறப்பட்டது: "ஏய் பென்யாமின்! வலையை விட்டுட்டு வாடா! நான் அங்க வந்தேன்னா புயல் பரவாயில்லைன்னு ஆயிடும்!" பெரிய தீவுக்கே கேட்டிருக்கும்.

வாலின் பதினொரு வீட்டுக்காரர்களும் ஒரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். கடைசியாக வந்தது நெனிட்டா அக்கா. ஒரு கையில் மெகாபோன், மறு கையில் டேப் ரெக்கார்டர், பின்னால் கயிற்றில் பன்றி. நாலு மணிக்குத் தண்ணீர் வாலை மூடிவிட்டது. மூன்று வீடுகள் போய்விட்டன. கடையின் கூரையும் போய்விட்டது. டீச்சரும் நானும் தலை எண்ணினோம், இருநூற்றெட்டு. மறுபடி எண்ணினோம், இருநூற்றெட்டேதான். ஒருவர் கூடக் குறையவில்லை. எல்லோரும் இங்கே இருக்கிறோம், ஈரமாக, பசியோடு, சண்டை போட்டுக்கொண்டு.

அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்து, மெகாபோனைத் துடைத்து, ஒரு பேட்டரியை எடுத்துத் தலைகீழாகப் போட்டார். வாரைச் சுற்றினார், அதே அழகோடு. குமிழ் உள்ளே போனதைப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டுவிட்டு என் காதிலும் வைத்தார்.

"தூங்குது" என்றார்.

ஜெனரேட்டர் எண்ணெயை நாளைக்கு மிச்சம் வைக்க வேண்டுமாம். யாரோ விளக்கை அணைக்க எழுந்து போகிறார்கள்.